சுவரில் ஏறும் சிலுவை, காலியாகும் தேவாலயம்: மேற்கத்திய பாப்புலிசம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2018 ஏப்ரல் மாதம். மார்க்குஸ் ஸோடர் ஜெர்மனியின் பவேரியா மாநில முதல்வராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மியூனிக் நகரில் இருக்கும் மாநிலத் தலைமை அலுவலகத்தின் முன்கூடத்தில், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிலுவையை எடுத்துத் தன் கையாலேயே சுவரில் மாட்டினார். ஜூன் 1 முதல் மாநில அரசு அலுவலகங்கள் எல்லாவற்றின் நுழைவாயிலிலும் சிலுவை தொங்க வேண்டும் என்று அவருடைய அமைச்சரவை முடிவு செய்திருந்தது.

பவேரியா கத்தோலிக்கர்கள் நிறைந்த மாநிலம். திருச்சபைக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ், அப்போது ஜெர்மன் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைவராகவும் இருந்தவர், வெளிப்படையாகவே கண்டித்தார். சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் சிலுவையைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றார். இந்த உத்தரவு பிரிவினையைத்தான் உண்டாக்கியிருக்கிறது என்றும் வருத்தப்பட்டார்.

சிலுவையை மாட்டியவர் அரசியல்வாதி. இப்படி மாட்டாதீர்கள் என்றவர் மதகுரு. மேற்கு நாடுகளின் இன்றைய அரசியலைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். "அங்கே மதம் திரும்பி வருகிறது, பக்தி முற்றித்தான் வலதுசாரிகளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள்" என்று தொலைக்காட்சி விவாதங்களில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐரோப்பாவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. எப்படித் தவறு என்று பார்க்க, மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வோம்: பாப்புலிசம், விழுமியம், அடையாளம்.

பாப்புலிசம் என்றால் இலவசம் கொடுப்பது அல்ல

தமிழ்ப் பத்திரிகைகளில் 'பாப்புலிசம்' என்று வந்தால் பெரும்பாலும் கவர்ச்சித் திட்டம், இலவசம், கடன் தள்ளுபடி என்ற பொருளில்தான் வரும். வெகுமக்கள்வாதம் என்றும் எழுதுகிறார்கள். அரசியல் ஆய்வாளர்கள் அதை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து, "தண்ணீர் லாரிக் கணக்கு இடிக்கிறது, ரசீதைக் காட்டுங்க சார்" என்கிறார். இது புகார். நியாயமான புகார். அடுத்து இன்னொருவர் எழுகிறார். "இந்தக் கமிட்டியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் திருடர்கள். இங்கே குடியிருக்கும் நல்ல ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை எதிர்த்துப் பேசுகிறவர் நம்மில் ஒருவரே இல்லை" என்கிறார். இரண்டாவது ஆள் செய்வதுதான் பாப்புலிசம். ஒரு பக்கம் களங்கமில்லாத மக்கள், இன்னொரு பக்கம் கெட்டுப்போன மேட்டுக்குடி, நடுவில் மக்களின் ஒரே குரலாகத் தான். நெதர்லாந்து ஆய்வாளர் காஸ் முடே 2004-ல் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுத்தார். இன்றைக்கு அதிகம் எடுத்தாளப்படும் வரையறை அதுதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: இது மெலிந்த கருத்தியல். அதாவது, தன்னளவில் முழுமை இல்லாதது. கொழுக்கட்டையின் வெளிமாவு மாதிரி. மாவு ஒன்றுதான், உள்ளே வைக்கும் பூரணம் ஊருக்கு ஊர் மாறும். வெனிசுவேலாவில் அதிபராக இருந்த சாவேஸ் வைத்த பூரணம் இடதுசாரி: ஏழைகள் எதிர் பணக்காரக் கும்பல். ஐரோப்பிய வலதுசாரிகள் வைப்பது: நம் பண்பாடு எதிர் வந்தேறிகள், அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மேட்டுக்குடி.

இந்தச் சொல் பிறந்த இடம் அமெரிக்கா. 1892-ல் அங்கே 'மக்கள் கட்சி' என்று ஒன்று கிளம்பியது. ரயில்வே கம்பெனிகளும் வங்கிகளும் கழுத்தை நெரிக்கின்றன என்று விவசாயிகள் கூடிய கட்சி. நாலு வருடம் கழித்து அந்தக் கட்சியின் ஆதரவையும் பெற்று அதிபர் தேர்தலில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். தங்கத்தை மட்டுமே நாணய அடிப்படையாக வைத்தால் விவசாயியின் கடன் ஏறிக்கொண்டே போகும் என்பது அவர் வாதம். "தங்கச் சிலுவையில் மனிதகுலத்தை அறையாதீர்கள்" என்று சிகாகோவில் அவர் முழங்கியது அந்நாட்டு அரசியல் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற பேச்சுகளில் ஒன்று. ஆக, சிலுவை அப்போதே மேடை ஏறிவிட்டது. ஆனால் பிரையன் நிஜமாகவே பைபிளோடு வாழ்ந்த மனிதர், கேட்டவர்களும் அப்படித்தான். இப்போது மாறியிருப்பது அதுதான்.

தேவாலயம் காலியாவது

ஜெர்மனியில் ஒருவர் கிறிஸ்தவர் என்று பதிவாகியிருந்தால் அவருடைய வருமான வரியோடு தேவாலய வரியும் பிடிக்கப்படும். பவேரியாவில் அது வருமான வரியில் 8 சதவீதம், பெரும்பாலான மாநிலங்களில் 9. வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போய் "நான் வெளியேறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனதுக்குள் நம்பிக்கை போவது ஒன்று, வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுப் போவது இன்னொன்று. 2022 என்ற ஒரே ஆண்டில் 5 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கு மேல் இப்படிக் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரண்டு திருச்சபைகளையும் சேர்த்தாலும் ஜெர்மன் மக்கள்தொகையில் பாதி தேறாது என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது.

மற்ற நாடுகளிலும் இதே போக்குத்தான். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011-ல் 59.3 சதவீதம், 2021-ல் 46.2. அமெரிக்காவில் ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999-ல் 70 சதவீதம், 2020-ல் 47 என்கிறது கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. இந்தத் தளர்ச்சியைத்தான் மதச்சார்பு தளர்தல் என்கிறார்கள். அரசு மதச்சார்பற்றதாக இருப்பது வேறு. இது மக்களின் அன்றாட வாழ்க்கையிலிருந்தே மதம் மெல்ல விலகுவது.

விழுமியம் எப்படி மாறுகிறது?

எது நல்லது, எது முக்கியம் என்று நாம் யோசிக்காமலே வைத்திருக்கும் அளவுகோல்தான் விழுமியம்.

பஞ்ச காலத்தைப் பார்த்த பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பார். பேத்தியோ, "இந்த வேலை எனக்குப் பிடிக்கலை" என்று நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வருவாள். பாட்டி கஞ்சமும் இல்லை, பேத்தி திமிர் பிடித்தவளும் இல்லை. ஒருத்தி வளர்ந்தது பற்றாக்குறையில், இன்னொருத்தி வளர்ந்தது பாதுகாப்பில். இளமையில் பதிந்த அளவுகோல் பின்னால் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970-களில் சொன்னது இதைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயிற்றுக்கும் உயிருக்கும் பயமில்லாமல் வளர்ந்த தலைமுறைக்குக் கட்டுப்பாடு, கீழ்ப்படிதல் இவற்றைவிடத் தன் விருப்பமும் சுதந்திரமும் பெரிதாகத் தெரிந்தன. யாரும் யாரையும் வாதாடி மாற்றவில்லை. பழையவர்கள் போகப் போக, புதியவர்கள் வர வர, ஊரின் சராசரி மாறியது.

அயர்லாந்தைப் பாருங்கள். 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளினுக்கு வந்தபோது ஃபீனிக்ஸ் பூங்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 34 லட்சம்தான். விவாகரத்துக்குக்கூட அங்கே அனுமதி இல்லை. 1995-ல்தான் மயிரிழையில், 50.3 சதவீத வாக்குகளோடு, அது நிறைவேறியது. அதன் பிறகு கட்டு அவிழ்ந்தது மாதிரி ஆகிவிட்டது. 2015-ல் தன்பால் திருமணத்தைப் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2018-ல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் அதே பூங்காவில் திருப்பலி நிறைவேற்றினார். 1979-ல் வந்த கூட்டத்தில் சிறு பகுதிதான் வந்தது. தேவாலய நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள் அதற்குள் அம்பலமாகியிருந்தன. அந்தக் காயம் இல்லாமல் அயர்லாந்தின் கதையைச் சொல்ல முடியாது.

இதில் ஒரு மனிதரை மறந்துவிடக் கூடாது. 25 வயதில் ஊரோடு ஒத்த கருத்து வைத்திருந்தவர், 65 வயதிலும் அதையேதான் வைத்திருக்கிறார். அவர் எங்கும் நகரவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே சிறுபான்மை ஆகிவிட்டார். நேற்றுவரை ஒழுக்கம் என்று எல்லாரும் சொன்னதை இன்று சொன்னால் பிற்போக்கு என்கிறார்கள். அந்த வலி பொய்யில்லை. அவரை மூடர் என்று ஒதுக்குகிறவர்கள்தான், என் கணிப்பில், பாப்புலிச அரசியல்வாதிக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறார்கள்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். பாப்புலிசத்துக்கு 'நாம்' என்ற ஒரு கூட்டம் வேண்டும், அதற்குள் வைக்க ஒரு பூரணம் வேண்டும். மேற்கில் மதப் பழக்கம் தளர்ந்துகொண்டிருக்கிறது. விழுமியங்கள் தலைமுறையோடு மாறுவதால் ஒரு பகுதியினருக்குச் சொந்த ஊரே அந்நியமாகத் தெரிகிறது. இந்த மூன்றும் சந்திக்கும் இடத்துக்கு இனி வருகிறோம்.

பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு

கிராமத்தில் ஒரு பூர்வீக வீடு. பிள்ளைகள் எல்லாரும் நகரத்தில். விளக்கேற்ற ஆள் இல்லை, ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது. யாரும் வந்து பார்ப்பதில்லை. ஒரு நாள் பக்கத்து நிலத்துக்காரர் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டார் என்று செய்தி வருகிறது. அவ்வளவுதான். அத்தனை பேரும் வண்டி பிடித்து வந்து நிற்கிறார்கள். "எங்க தாத்தா கட்டின வீடு!" கோபம் உண்மையானது. ஆனால் அது அந்த வீட்டில் வாழ்கிறவரின் கோபம் அல்ல, அந்த வீட்டின் பெயரால் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்கிறவரின் கோபம்.

நம்பிக்கைக்கும் அடையாளத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம்பிக்கை என்பது ஜெபிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது, பகைவனையும் நேசி என்ற கட்டளையோடு மல்லுக்கட்டுவது. அடையாளம் என்பது 'நாங்கள் யார், நீங்கள் யார்' என்று கோடு போடுவது. விளக்கேற்ற ஆள் இருக்கும்வரை வீட்டுக்கு என்ன பொருள் என்பதை அவர்கள் சொல்வார்கள். ஆள் போன பிறகு, சாவி யார் கையில் கிடைக்கிறதோ அவர் சொல்வதுதான் பொருள். தேவாலயம் காலியாகக் காலியாகச் சிலுவை லேசாகிறது, யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு.

ட்ரெஸ்டன் நகரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2014 அக்டோபரில் பெகிடா என்ற இயக்கம் அங்கே திங்கட்கிழமைதோறும் ஊர்வலம் போகத் தொடங்கியது. பெயரை விரித்தால் 'மேற்குலகம் இஸ்லாமியமாவதை எதிர்க்கும் தேசபக்த ஐரோப்பியர்கள்'. மேற்குலகம் என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல் கிறிஸ்தவ ஐரோப்பா என்ற மணம் கொண்ட பழைய சொல். ஜெர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறம் பூசிய சிலுவை ஊர்வலத்தில் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடினார்கள். ஆனால் ட்ரெஸ்டன் இருப்பது முன்னாள் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில். ஐரோப்பாவிலேயே கடவுள் நம்பிக்கை மிகக் குறைந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. முஸ்லிம்களும் அங்கே மிகச் சிலர்தான்.

2015 ஜனவரி 5 அன்று அதே பாணி ஊர்வலம் கொலோன் நகரத்துக்கு வந்தது. உலகப் புகழ்பெற்ற கொலோன் பேராலயம் அன்று இரவு தன் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டது. ஊர்வலக்காரர்களுக்குப் பின்னணியாக நிற்க அந்தக் கோபுரங்கள் தயாராக இல்லை.

பூரணம் மாறினாலும் மாவு ஒன்றுதான்

இது வெறும் பழமைவாதம் என்று நினைத்தால் நெதர்லாந்து அதை உடைத்துவிடும். 2002-ல் அங்கே புயலாகக் கிளம்பிய பிம் ஃபோர்டைன் தன்னை ஒருபால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன முன்னாள் பேராசிரியர். பெண் சுதந்திரம், ஒருபால் ஈர்ப்பாளர் உரிமை என்ற புதிய விழுமியங்களைக் காக்கத்தான் இஸ்லாமியக் குடியேற்றத்தை எதிர்ப்பதாகச் சொன்னார். தேர்தலுக்கு 9 நாள் முன்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் வந்த கேர்ட் வில்டர்ஸ் 'யூத-கிறிஸ்தவ, மனிதநேயப் பண்பாடு' என்று பேசுவார். 2023 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி 150 இடங்களில் 37 பெற்று முதலிடத்துக்கு வந்தது.

ஹங்கேரியில் பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு இதற்கு எதிர்த்திசையில் போனது. 2018-ல் கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பது அரசின் ஒவ்வோர் உறுப்புக்கும் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியது. ஒருபால் ஈர்ப்பாளர் உரிமைகள் விஷயத்தில் ஃபோர்டைனுக்கும் ஓர்பானுக்கும் ஏழாம் பொருத்தம். இருவரையும் சேர்ப்பது வேதமோ ஒழுக்கமோ அல்ல, கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்துவது என்பதுதான்.

பூசைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்?

மேற்கு ஐரோப்பாவில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் தீவிர வலதுசாரிப் பாப்புலிசக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுவது, பெயரளவுக் கிறிஸ்தவர்களையும் மதமற்றவர்களையும் விடப் பல நாடுகளில் குறைவாகவே இருந்திருக்கிறது. இதைத் தடுப்பூசி விளைவு என்கிறார்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, போகிற இடத்தில் கேட்கும் சொல். இத்தாலியில் வலதுசாரித் தலைவர் மத்தேயோ சால்வினி 2018 பிப்ரவரியில் மிலான் பேராலயச் சதுக்கத்தில் ஜெபமாலையையும் நற்செய்திப் புத்தகத்தையும் கையில் பிடித்து உறுதிமொழி எடுத்தார். அதே ஆண்டு உள்துறை அமைச்சராகி, கடலில் காப்பாற்றப்பட்ட அகதிகளின் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடினார். போப் பிரான்சிஸோ 2016-ல் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக்குப் போய், திரும்பும்போது 12 சிரிய அகதிகளைத் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்று குடும்பங்கள், எல்லாரும் முஸ்லிம்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்காருகிறவருக்கு இந்த இரண்டாவது குரலும் காதில் விழும். மேடையில் மட்டும் சிலுவையைப் பார்க்கிறவருக்கு விழாது.

இரண்டாவது காரணம் அவ்வளவு உயர்ந்தது இல்லை: அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்தது. ஜெர்மனியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி மாதிரி பழைய, மிதமான கட்சிகள் அவர்களை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தன. அந்தக் கட்சிகள் தேயத் தேயத் தடுப்பூசியின் வீரியமும் குறைகிறது. அதனால்தானோ என்னவோ, 2024 பிப்ரவரியில் ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்கள் இன அடிப்படையிலான தேசியவாதமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகாது என்று ஒருமனதாக அறிவித்தார்கள். தீவிர வலதுசாரியான ஏஎஃப்டி கட்சியின் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள்.

அமெரிக்கா ஏன் வேறு மாதிரி?

அங்கே பக்திமான்களே டிரம்ப் பக்கம் நிற்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2016-ல் வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் சுமார் 81 சதவீதம் பேர் அவருக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. இவாஞ்சலிக்கல் என்றால், பைபிளின் அதிகாரத்தையும் 'மறுபடி பிறத்தல்' என்ற மனமாற்ற அனுபவத்தையும் முதன்மையாக வைக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினர்.

அங்கே பெரிய கட்சி என்றால் இரண்டுதான். கருக்கலைப்பை எதிர்ப்பவருக்குப் பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சியைத் தவிர வேறு வாசல் இல்லை. அதே கட்சியின் உள்தேர்தலில், வேறு வேட்பாளர்களும் இருந்தபோது, வாரந்தோறும் தேவாலயம் போகிறவர்கள் டிரம்பிடம் அவ்வளவு ஒட்டவில்லை. வேட்பாளர் அவர்தான் என்று ஆன பிறகு ஒட்டினார்கள். அதற்குப் பலனும் கிடைத்தது. அவர் நியமித்த 3 நீதிபதிகளும் சேர்ந்த உச்ச நீதிமன்றம், 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. பியூ ஆய்வு மையம் ஒரே ஆட்களை 2016-லும் 2020-லும் கேட்டுப் பார்த்தது. முதலில் தன்னை இவாஞ்சலிக்கல் என்று சொல்லாத வெள்ளையர்களில், டிரம்பைப் பிடித்தவர்கள் பிறகு அந்தப் பெயரை ஏற்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதாவது, மதத்திலிருந்து அரசியலுக்கு மட்டும் ஆள் போகவில்லை, அரசியலிலிருந்தும் மதத்தின் பெயருக்கு ஆள் வருகிறது.

சுவரும் கழுத்தும்

ஸோடரின் சிலுவைக்குத் திரும்புவோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அவருடைய சிஎஸ்யு, அதாவது கிறிஸ்தவ சமூக ஒன்றியம், பாப்புலிசக் கட்சி அல்ல. பழைய பெரிய கட்சி. ஏஎஃப்டி பக்கம் ஓட்டு நழுவுகிறதே என்ற கவலை அதற்கு இருந்தது. பாப்புலிசம் வென்றால்தான் விளைவு என்றில்லை, பயமுறுத்தினாலே மற்றவர்களும் அதன் மொழியைப் பேசத் தொடங்குவார்கள். 2018 அக்டோபர் தேர்தலில் சிஎஸ்யு 47.7-லிருந்து 37.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஏஎஃப்டி 10.2 சதவீதத்தோடு முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குள் வந்தது. வழக்கும் நடந்தது. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம், சிலுவைகள் தொங்கலாம், அதனால் யாருடைய மதச் சுதந்திரமும் பாதிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

போலந்தில் படம் தலைகீழ். ஐரோப்பாவில் கத்தோலிக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு அது. 2015 முதல் 8 ஆண்டுகள் ஆண்ட வலதுசாரிப் பாப்புலிசக் கட்சியான சட்டம்-நீதிக் கட்சியும் திருச்சபையும் நெருங்கியே நின்றன. 2020 அக்டோபரில் அரசியல் சட்டத் தீர்ப்பாயம் கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடை செய்ததும், லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். இளம்பெண்களின் கோபம் அரசின் வாசலோடு நிற்கவில்லை, தேவாலயங்களின் வாசலுக்கும் போனது. அடையாளமாக எடுத்து வீசப்பட்ட மதம், நம்பிக்கையாக வைத்திருக்கக்கூடியவர்களையும் விரட்டியது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

2024 மே மாதம் வார்சா மாநகராட்சி ஓர் உத்தரவு போட்டது. பொதுமக்கள் வந்து போகும் மாநகராட்சி அலுவலகங்களில் இனிச் சுவரிலும் மேசையிலும் மதச் சின்னங்கள் வைக்கக் கூடாது. ஊழியர்கள் தங்கள் கழுத்திலோ கையிலோ அணிந்திருக்கும் சிலுவைக்குத் தடை இல்லை.